தாய் இருக்கிற பிள்ளைக்குப் பொருந்தாத மருந்து

“புள்ள அழுற நேரம் அவன்ட கை எங்க இருக்கும்?” என்று அந்த மருந்துக்காரர் கேட்டார்.

எனக்கு எரிச்சலாக வந்தது. பிள்ளை என் மடியில் உட்கார்ந்து தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருக்கிறான். கை எங்கே இருக்கிறது என்று கண் இருக்கிறவர்கள் பார்த்துக்கொள்ள வேண்டியதுதானே. சேலைத் தலைப்பை விலக்கிக் காட்டினேன். கழுத்தின் இடது பக்கம் முழுவதும் அவன் நகக் கீறல். “இங்கதாங்க இருக்கும். தூங்கும்போதும் இங்கதான்” என்றேன். அவர் அதை ஏதோ பெரிய சங்கதி போலத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.

அவருக்கு ஹட்டன் டவுனில் சேலைக்கடை. ஞாயிற்றுக்கிழமைகளில் கடையின் மேல்மாடியில் ஹோமியோபதி மருந்து கொடுப்பார். முஸ்லிம் மனிதர் என்பதால் தோட்டத்து ஆட்கள் அவரை டொக்டர் நானா என்பார்கள். கசக்காத மருந்து, ஊசி கிடையாது, அதனால் பிள்ளைக்காரிகள் கூட்டம் எப்போதும் இருக்கும். சுவரோரம் போட்டிருந்த வாங்குப் பலகையில் நெருக்கியடித்து உட்கார்ந்துகொண்டு, முன்னால் இருப்பவளின் கதையை ஒரு சொல் விடாமல் கேட்டுக்கொண்டிருப்பார்கள். மனிதர் ஒரு நோயாளியைப் பிடித்தால் விடுவதற்கு அரைமணி நேரம் ஆகும். அவ்வளவு கேள்வி. பிள்ளை தண்ணீரைச் சூடாகக் கேட்கிறானா, ஆறியதையா? கதவு அடித்துச் சாத்தினால் திடுக்கிடுகிறானா? தூக்கிக்கொண்டு நடந்தால் அழுகை குறைகிறதா, உட்கார்ந்தால் கூடுகிறதா? கேட்டுவிட்டுத் தடித்த புத்தகம் ஒன்றைப் புரட்டுவார். புத்தகத்தைப் புரட்டும்போது அவர் முகத்தில் ஒரு பெருமை வரும்.

மடியில் இருந்த பிள்ளை என் தங்கச்சியின் மகன். ஒன்றரை வயது தாண்டியிருந்தான். நான் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுப்பவள். என் இரண்டு பையன்களும் வளர்ந்து கொழும்பில் கடைகளில் நிற்கிறார்கள். அழுகிற பிள்ளைகளைச் சுமந்து திரிகிற காலத்தை நான் முடித்துவிட்டேன் என்று நிம்மதியாக இருந்தேன். ஆனால் அந்த மேசைக்கு முன்னால் அவனைப் பெற்றவளாக உட்கார்ந்திருந்தேன். அந்தக் கூத்து எப்படி வந்தது என்பதைச் சொன்னால்தான் மற்றது விளங்கும்.

தங்கச்சியின் புருஷன் கொழும்புக்கு வேலைக்குப் போனவன், அங்கே இன்னொருத்தியோடு இருந்துகொண்டான். அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் எங்கள் காம்பராவுக்கு வந்து சேர்ந்தாள். எங்கள் தோட்டம் வட்டவளைப் பக்கம், மழை வந்தால் விடாத இடம். காம்பரா என்பது ஒரே அறை, சமைக்க ஒரு குசினி. அதற்குள் நாங்கள் நால்வர். என் புருஷன் முகம் சுளிக்கவில்லை, ஆனால் அவளுக்கு இருப்பு கொள்ளவில்லை. மகனுக்கென்று ஒரு வீடு கட்ட வேண்டும், அதற்கு வெளிநாடு போவதைத் தவிர வேறு வழி தெரியவில்லை என்றாள். பச்சைப் பிள்ளையை விட்டுவிட்டா என்று கேட்டேன். “இவன வச்சுக்கிட்டுத் தெருவுல நிக்கவா அக்கா?” என்று திருப்பிக் கேட்டாள்.

கைக்குழந்தை உள்ள தாயை வெளிநாட்டுக்கு வீட்டுவேலைக்கு விடமாட்டார்கள். அரசாங்க ஆட்கள் வீட்டுக்கே வந்து விசாரிப்பார்கள். அதற்கும் வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்ட் வழி சொன்னான். பிள்ளை அக்காவுடையது என்று காட்ட வேண்டும். காகிதத்தை அவன் பார்த்துக்கொள்வான், வாய்களை நாங்கள் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் வாய்களை அடக்குவது பெரிய வேலையில்லை. பிள்ளையின் வாய்தான் கஷ்டம். அப்போதுதான் அவன் அம்மா என்று தெளிவாகச் சொல்லத் தொடங்கியிருந்தான். நாள் முழுக்க அதையே சொல்லிக்கொண்டு அவள் பின்னால் திரிவான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை என்பது அதுதான்.

முதலில் பால் மறக்கடித்தாள். மார்பில் வேப்பெண்ணெய் தடவினாள். அவன் வாய் வைத்துவிட்டு முகத்தைச் சுருக்கி அவளையே பார்ப்பான். பிறகு பெயரை மாற்றும் வேலை. அவன் அம்மா என்று கூப்பிட்டால் அவள் திரும்பமாட்டாள். அடுப்பை ஊதிக்கொண்டோ, துணியை மடித்துக்கொண்டோ, காது கேட்காதவள் மாதிரி இருப்பாள். நான்தான் “என்னாடா தங்கம்” என்று ஓடி வருவேன். அவளை அவன் சித்தி என்று கூப்பிட வேண்டும். கூப்பிட்டால் உடனே திரும்பிச் சிரிப்பாள், தூக்கிக் கொஞ்சுவாள். சித்தி என்று அவனுக்கு வரவில்லை. தித்தி என்பான். அது போதும் என்று விட்டோம்.

லயமே சேர்ந்துகொண்டது. வேலை விட்டு வரும் பெண்கள் வாசலில் நின்று, “ஒங்கம்மா எங்கடா?” என்று கேட்பார்கள். என்னைக் காட்டினால் ஒரு பிஸ்கட். அவளைக் காட்டினால் கையை விரிப்பார்கள். அடுத்த காம்பராக்காரி என்னைக் கேலி செய்வாள். “இந்த வயசுல ஒனக்குப் பிந்தின வெளைச்சல்டி!” என்பாள். எல்லாரும் சிரிப்போம். அவனும் எங்களைப் பார்த்துச் சிரிப்பான். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. ஒருத்தி பிழைக்கட்டும் என்றுதான் செய்தோம்.

விசாரிக்க வந்தது யாழ்ப்பாணத்துப் பெண் ஒருத்தி. சின்ன வயது, மரியாதையானவள். மழையில் நனைந்து, அட்டை ஏறிய காலோடு வந்து சேர்ந்தாள். என்னிடம் கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டுக் குனிந்து பிள்ளையின் கன்னத்தைத் தட்டினாள். “தம்பி, உங்கட அம்மா எங்க? காட்டுங்கோ பாப்பம்” என்றாள். அந்த நேரம் பார்த்துத் தங்கச்சி தேத்தண்ணி எடுத்துக்கொண்டு குசினி வாசலில் வந்து நின்றாள். அவன் அவளைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். பிறகு தத்தித் தத்தி வந்து என் காலைக் கட்டிக்கொண்டான்.

விசாரிக்க வந்தவள் போனதும் லயத்தில் திருவிழாதான். பிள்ளையை ஆளுக்கு ஆள் தூக்கி முத்தம் கொடுத்தார்கள். தங்கச்சியும் சிரித்தாள். குசினிக்குள் போய் வெகுநேரம் பாத்திரம் கழுவினாள். கழுவுவதற்கு அங்கே ஒரு கோப்பைதான் இருந்தது.

அவள் புறப்பட்ட அன்று பிள்ளையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டிருந்தோம். வேலைக்குப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுப்போவதற்குத் தோட்டத்தில் இருக்கிற இடம் அது. சொல்லிக்கொள்ளாமல் போவதுதான் பிள்ளைக்கு நல்லது என்று எல்லாரும் சொன்னார்கள். மத்தியானம் நான் போய்த் தூக்கி வந்தேன். காம்பராவுக்குள் நுழைந்ததும் இறங்கி ஒரு சுற்றுச் சுற்றினான். குசினியைப் பார்த்தான். கட்டிலுக்குக் கீழே பார்த்தான். “தித்தி” என்று கூப்பிட்டான். பதில் இல்லை என்றதும், ரொம்ப மெதுவாக, யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பது போல, “ம்மா” என்றான்.

நான் பழக்கதோஷத்தில் “என்னாடா தங்கம்” என்று ஓடி வந்தேன்.

அதோடு அவன் பேச்சு நின்றது. அழுகை ஆரம்பித்தது. அழுகை என்றால் பசிக்கு அழுவது, அடம்பிடித்து அழுவது எல்லாம் எனக்குத் தெரியும். இது ஒரே சுருதியில், நிற்காமல், எதையும் கேட்காமல் அழுகிற அழுகை. இடுப்பை விட்டு இறங்கமாட்டான். கழிவறைக்குப் போனாலும் தூக்கிக்கொண்டு போக வேண்டும். என் மேல் பாசம் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். பாசமாவது மண்ணாவது. அவன் என் முகத்தைப் பார்த்ததே இல்லை. வெள்ளத்தில் போகிறவன் கையில் அகப்பட்ட கட்டையைப் பிடிப்பதுபோல என் கழுத்தைப் பிடித்திருந்தான். கூப்பிட்டால் யாரும் வருவதில்லை, கூப்பிட்டால் வேறு யாரோ வருகிறார்கள் என்று அவனுக்குத் தெரிந்துபோயிருந்தது. அதனால் கூப்பிடுவதை விட்டுவிட்டுப் பிடித்துக்கொண்டான். இதை இப்போது இவ்வளவு தெளிவாகச் சொல்கிறேன். அப்போது எனக்குக் கோபம்தான் வந்தது.

பிள்ளைக்காம்பரா ஆயா, மற்றப் பிள்ளைகளும் சேர்ந்து அழுகிறார்கள் என்று அவனைத் திருப்பித் தந்துவிட்டாள். முதுகில் கட்டிக்கொண்டு மலைக்குப் போனேன். கங்காணி வேண்டாம் என்றார். பாதி நாளில் திரும்பியதற்கு அரைப்பேர், அரைநாள் கூலிதான் போட்டார்கள். வீட்டில் இருந்தால் அடுத்த காம்பராவில் சுவரைத் தட்டினார்கள். பிஸ்கட் கொடுத்துப் பாடம் சொன்ன அதே கைகள்தான். தோட்டத்து மருந்துக்காரர் பூச்சிமருந்து கொடுத்தார். கோயிலில் திருநீறு போட்டார்கள். பயந்த கோளாறு என்று ஒருவர் மந்திரித்து நூல் கட்டினார். அழுத பிள்ளைக்குப் பால் கிடைக்கும் என்பார்கள். இவன் அழுது வாங்கியதெல்லாம் வேறு.

எல்லாவற்றுக்கும் மேலே போனில் தங்கச்சி. அங்கே அவள் வேலை செய்யும் வீட்டு மெடம் எப்போதாவது போனைக் கையில் தருவாள். தங்கச்சி கூப்பிடும்போது பிள்ளையை என் புருஷனிடம் கொடுத்து வாசலுக்கு அனுப்புவேன். எங்கே போனாலும் சத்தம் கேட்கும்.

“அவன்தானே அக்கா அழுவுறான்?”

“பல்லு மொளைக்குது. ஒனக்குத் தெரியாதா?”

“அன்னைக்கும் பல்லுன்னுதான் சொன்ன.” மெடத்துக்குக் கேட்காமல் குரலைத் தாழ்த்துவாள். “இப்புடியே அழுதான்னா நா வந்துர்றேங்கா. எனக்கு ஒரு வேலையும் ஓடல. கையில இருந்த சாமான போட்டு ஒடைச்சுட்டு ஏச்சு வாங்குறேன்.”

அவள் நினைத்தபடி வந்துவிட முடியாது. ஒப்பந்தத்தை முறித்து வந்தால் இத்தனை பாடும் வீண், மகனுக்கு வீடும் இல்லை. அங்கே ஒழுங்காக இருக்க வேண்டுமென்றால் இங்கே இவன் வாயை மூட வேண்டும். எனக்கு இருந்த ஒரே வேலை அதுதான். அதற்குத்தான் ஹட்டனுக்குப் பஸ் ஏறினேன்.

டொக்டர் நானா கடைசியாகத்தான் அந்தக் கேள்விக்கு வந்தார்.

“இது தொடங்கமுந்தி ஊட்டுல ஏதும் நடந்துச்சா? புள்ள ஆரையும் தேடுறானா? நெருங்கின ஆக்கள் ஆரும் போனாங்களா?”

முதுகுக்குப் பின்னால் வாங்கில் எங்கள் தோட்டத்து ஆட்கள் மட்டுமா இருந்தார்கள்? கண்ட கண்ட தோட்டத்துப் பெண்களும் இருந்தார்கள். எங்கள் தோட்டத்தின் மேல்பிரிவான மேல்கணக்கில் ஒருத்தியை, யாரோ வயிற்றெரிச்சலில் போட்டுக்கொடுத்து, விமான நிலையத்திலிருந்தே திருப்பி அனுப்பியிருந்தார்கள். ஏஜென்ட் படித்துப் படித்துச் சொல்லியிருந்தான், தங்கச்சி அங்கே நிலைக்கும் வரை மூச்சு விடாதீர்கள் என்று.

“யாரும் போவல. ஒன்னும் நடக்கல.”

“பெத்த தாய் நீங்கதானே?”

“ஆமாங்க.”

அவர் ஒரு மருந்து கொடுத்தார். கோபக்காரப் பிள்ளைகளுக்கானது என்றார். கடுகு போல வெள்ளை உருண்டைகள். கையால் தொடக்கூடாது, மூடியில் கொட்டி அப்படியே நாக்கில் போட வேண்டும். கற்பூரம், சாம்பிராணி, தைலம் எதன் வாசமும் பிள்ளைக்குக் கிட்ட வரக்கூடாது. வெள்ளிக்கிழமை சாமிக்குக் கற்பூரம் காட்டுவதைக்கூட நிறுத்தினோம். சாமி கோபித்தாலும் பரவாயில்லை, இவன் வாயை மூடினால் போதும் என்றிருந்தேன். சீனிபோல இனிக்கும் அந்த மருந்தை மட்டும் அவன் அழுகையை நிறுத்திச் சப்புவான். கரைந்ததும் மறுபடி தொடங்குவான்.

இரண்டாம் முறை போனபோது மருந்தை மாற்றினார். பல் முளைக்கும் வேதனைக்கு என்றார். அதுவும் கேட்கவில்லை. மூன்றாம் முறை போனேன். புத்தகத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். பெருமை போய் அவர் முகம் சுண்டிவிட்டது.

“தங்கச்சி, கோவிச்சுக்க வாணாம். நீங்க செல்ற புள்ள வேற, ஒங்கட மடியில இருக்கிற புள்ள வேற. ரெண்டும் பொருந்தல்ல. கோவக்காரப் புள்ள சாமான வீசி எறியும். இவன் எறியுறானா? இல்ல. பல்லு நோவுற புள்ள விரலக் கடிக்கும். இவன் கடிக்கல்ல. இந்தப் புள்ள புடிச்சிக்கிட்டு இருக்கிறதப் பாத்தா, தாயப் பிரிஞ்ச புள்ளைக்குக் குடுக்கிற மருந்துதான் செரி. அது என்ட பெட்டியில இருக்கு. ஆனா அத எப்பிடி நான் ஒங்களுக்குத் தார? தாய்தான் முன்னுக்கு குந்திக்கிட்டு இருக்கீங்களே.”

சொல்லிவிட்டு, தன் பேச்சுக்குத் தானே சிரித்தார். வாங்கில் இருந்தவர்களும் சிரித்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அவர் மேல் கோபம், தங்கச்சி மேல் கோபம், கொழும்பில் ஒருத்தியோடு நிம்மதியாகப் படுத்திருக்கிறவன் மேல் கோபம், என் கழுத்தைப் பிய்க்கிற இந்தச் சின்னக் கை மேலும் கோபம். வாய் திறந்து உண்மையைச் சொல்ல முடிந்தால் அவன் அழுகை நிற்கும் என்று அந்த நேரம் நம்பினேன். சொன்னால் அவள் திரும்பி வர வேண்டியிருக்கும். இரண்டையும் மனதில் வைத்துப் பார்த்தேன்.

பிறகு கேட்டேன். “ஒரு பேச்சுக்குக் கேக்குறேங்க. தாய் இல்லாத புள்ளைன்னா, எத்தனை உருண்டை குடுப்பீங்க?”

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். வாங்கைப் பார்த்தார். வேறு ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பெட்டியைத் திறந்து ஒரு போத்தலை எடுத்து, வழக்கத்தை விட அதிகமாகவே கொட்டிக் கட்டினார். வாங்கில் இருந்தவர்களுக்குக் கேட்கும்படி, “பூச்சிக்குத்தான். ஒழுங்காக் குடுங்க” என்றார்.

வரும் வழியெல்லாம் பஸ்ஸில் அவன் அழுதுகொண்டுதான் வந்தான். ஆனாலும் எனக்கு நம்பிக்கை வந்திருந்தது. சரியான மருந்து இப்போது கையில் இருக்கிறது என்ற நம்பிக்கை.

அழுகை உடனே நிற்கவில்லை. முதலில் சுருதி இறங்கியது. பிறகு சாப்பிடும்போது அழாமல் இருந்தான். பிறகு என் புருஷன் தூக்கினால் போனான். ஒரு நாள் நான் விறகு வெட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்து மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தான். ஆயா மறுபடி சேர்த்துக்கொண்டாள், நான் மலைக்குப் போனேன், முழுப்பேர் விழுந்தது. டொக்டர் நானாவின் பெயர் எங்கள் தோட்டம் முழுக்கப் பரவியது. காகம் உட்காரப் பனம்பழம் விழுந்ததோ, மருந்து விழுத்தியதோ, நான் யாரிடமும் வாதாடவில்லை.

ஒரு நாள் வேலை விட்டு அவனைக் கூட்டி வரப் போனேன். மற்றப் பிள்ளைகளோடு வாசலில் நின்றவன் என்னைக் கண்டதும் கையைத் தூக்கிக்கொண்டு, “அம்மா” என்று கத்தி ஓடி வந்தான். முழுதாக, தெளிவாக. முகத்தைப் பார்த்துச் சிரித்தான். ஆயா கைதட்டினாள். “பாத்தியா, மருந்து கேட்டுருச்சு!” என்றாள்.

அவனைத் தூக்கினேன். எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். பயம்தான் வந்தது. பாடம் சொல்லிக்கொடுத்தபோது அவன் என்னைக் காட்டியது பிஸ்கட்டுக்காக. இப்போது யாரும் எதையும் காட்டாமலே சொன்னான். அன்றைக்கு ராத்திரிச் சோறு எனக்கு இறங்கவில்லை. அவனைத் திருத்தலாமா என்று யோசித்தேன். நான் பெரியம்மா என்று சொல்லிக்கொடுக்கலாம். அதற்குத் துணிவு வரவில்லை. அழுகை மறுபடி வந்துவிட்டால் என்ன செய்வது?

அதன் பிறகுதான் தங்கச்சிக்குச் சொந்தமாக ஒரு போன் கிடைத்தது. முதல் தடவையாக வீடியோவில் வந்தாள். மெலிந்திருந்தாள். தலையில் துணி கட்டியிருந்தாள். முகத்தை நன்றாகத் துடைத்துப் பொட்டு வைத்திருந்தாள். அங்கே பொட்டு வைக்க விடுவார்களோ என்னவோ, மகன் பார்ப்பதற்காக வைத்திருப்பாள். பிள்ளையை மடியில் வைத்துப் போனை அவனுக்கு நேராகப் பிடித்தேன். கதறப்போகிறான் என்று நினைத்தேன். கதற வேண்டும் என்றும் எனக்குள் ஒருத்தி வேண்டிக்கொண்டிருந்தாள்.

அவன் அழவில்லை. போனைக் கூர்ந்து பார்த்தான்.

“தங்கம்,” என்றாள் அவள். “நா யாரு? சொல்லு பாப்போம். நா யாருடா?”

அவன் யோசித்தான். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

“தித்தி” என்றான். சொல்லிவிட்டு, சரியா என்பது போல என் பக்கம் திரும்பி, “அம்மா, எறங்க” என்றான்.

அவனை இறக்கிவிட்டேன். வாசலுக்கு ஓடினான். திரையில் அவள் முகம் அசையாமல் இருந்தது. லைன் நின்றுவிட்டதோ என்று நினைத்தேன். பிறகு அவள், பாடம் சொல்லிக்கொடுத்த நாட்களில் சிரித்த அதே சிரிப்பைச் சிரித்தாள். “ஆமா, சித்திதான்” என்றாள், கேட்பதற்கு அவன் அங்கே இல்லாவிட்டாலும்.

“ஏன்டி, நா அவனுக்குச் சொல்லிக் குடுக்குறேன்…” என்று தொடங்கினேன்.

“வேணாங்கா. அழுவலதானே. அது போதும்.” மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். “அந்த மருந்த மட்டும் நிப்பாட்டிறாத.”

மருந்து தீர்ந்து எத்தனையோ மாதமாகியிருந்தது. சரி என்று சொன்னேன்.